ஆண் நாய்க்குட்டிக்கு மரபான பெயர்: தேர்ந்தெடுப்பதிலிருந்து பழக்குவது வரை

குட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே பெயர் வைத்துவிடாதீர்கள். மூன்று நாள் பொறுங்கள். அதுவரை "தோ தோ" என்று கூப்பிட்டாலே போதும், ஓடி வரும். இந்தப் பொறுமை இல்லாமல் போனதால் எங்கள் வீட்டு நாய் ஒன்று வண்டியில் அடிபடப் பார்த்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் கடலூர்க்காரர்கள். வீட்டில் இதுவரை மூன்று ஆண் நாய்கள் வளர்ந்திருக்கின்றன. முதலாவது ராஜா, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தாத்தா வைத்த பெயர். இரண்டாவது, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த மறுநாள் எங்களுக்குக் கிடைத்தவன். தெருவில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தடியில், இலைக் குவியலுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த செவலைக் குட்டி. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, ஊரே உருக்குலைந்து கிடந்த நேரம். என் மகள் அவனைப் பழைய துண்டில் சுற்றித் தூக்கி வந்து, அன்று மாலையே 'சித்தார்த்' என்று பெயர் வைத்தாள். அழகான பெயர்தான். யாரும் மறுக்கவில்லை.

ஒரே மாதத்தில் அந்தப் பெயர் நாலு பெயராகிவிட்டது. மகள் முழுசாகச் 'சித்தார்த்' என்பாள். மகனுக்குச் 'சித்து'. அம்மாவுக்கு வாயில் நுழையாமல் 'சித்தாத்து'. நான் அவசரத்துக்குச் 'சித்'. அதே சமயத்தில் அவனுக்கு உட்காரவும் பழக்கினோம், எல்லோரையும் போல 'சிட்' என்று சொல்லி. ஒரு நாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் போகும் ரோட்டில் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவன் நடுரோட்டில் நிற்கிறான். எதிரே ஒரு மோட்டார் பைக். "சித்!" என்று கத்தினேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக, அங்கேயே உட்கார்ந்தான். பைக்காரர் பிரேக் பிடித்துச் சறுக்கி, ஒரு முழ தூரத்தில் நிறுத்தினார். அவன் வாலை ஆட்டிக்கொண்டு, தனக்குத் தின்ன ஏதாவது கிடைக்கும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் செய்தது சரிதான். நாங்கள் வைத்த பெயர்தான் சரியில்லை. அன்றிலிருந்து எந்தப் பெயரையும் நான் எழுதிப் பார்ப்பதில்லை, கூப்பிட்டுப் பார்க்கிறேன். நாய் தன் பெயரைப் படிக்கப் போவதில்லை. அதன் காதில் விழுவது நாம் கூப்பிடும் ஒலி மட்டும்தான். கூப்பிடும்போது பெயர் எடுக்கும் வடிவத்துக்குத் தமிழில் விளி என்று தனிப்பெயரே உண்டு. மணி, வீரன், கருப்பன் மாதிரி பெயர்கள் தலைமுறை தலைமுறையாக நம் தெருக்களில் நிலைத்ததற்கு அந்த விளிதான் காரணம் என்று நான் நம்புகிறேன். கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

முதல் படி: மூன்று நாள் பார்ப்பது

இந்த மூன்று நாளில் குட்டியைப் பார்ப்பதைவிட வீட்டைப் பாருங்கள் என்பேன். யார் அவனுக்குச் சோறு வைக்கப் போகிறார்கள்? பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? எங்கள் வீட்டில் அது அம்மா. அப்படியானால் பெயர் அம்மாவின் நாக்குக்குப் பொருந்த வேண்டும். பேரப்பிள்ளை ஆசையாகச் சொல்லும் பெயரைப் பாட்டியால் சொல்ல முடியவில்லை என்றால், பாட்டி தனக்கு வந்தபடி ஒரு பெயரை வைத்துக்கொள்வார். நாய்க்கு இரண்டு பெயர் ஆகிவிடும். மூன்று வயதுக் குழந்தை இருந்தால் அதையும் சொல்லச் சொல்லிப் பாருங்கள். ழ, ர, ஞ வரும் பெயர்கள் பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும்.

குட்டியிடம் பார்க்க வேண்டியது நிறமும் நடையும். நிறத்தை வைத்துப் பெயர் வைப்பது நம் மரபு, ஆனால் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். கறுப்பாகத் தெரியும் சில குட்டிகள் நாலைந்து மாதத்தில் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். காதுக்குப் பின்னாலும் தொடையிலும் முடியை ஒதுக்கி அடிமுடியின் நிறத்தைப் பாருங்கள். அடிவரை கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் கறுப்பாகவே நிலைக்கும். குணத்தை வைத்துப் பெயர் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புது இடத்துக்கு வந்த பயத்தில் ஒடுங்கிக் கிடக்கும் குட்டியைச் சாது என்று நினைத்துவிடுவோம். ஒரு மாதம் கழித்து அது செருப்பையெல்லாம் கடித்து வாசலில் போட்டு வைக்கும்.

இரண்டாம் படி: எந்தப் பெயர் கூடாது என்று முடிவு செய்வது

ஒரு தாளை எடுத்து, முதலில் வேண்டாத பெயர்களை எழுதுங்கள். அது தெளிவானால் மிச்ச வேலை சுலபம்.

வீட்டுப் பெரியவர்களின் பெயர் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நம் வீடுகளில் பெரியவர்களின் பெயரையே யாரும் சொல்வதில்லை என்பதால் சில சமயம் மறந்துவிடுகிறது. மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள்கள் இன்னும் இருக்கிறார்கள். மாமனார் சுப்பிரமணியனாக இருந்து நாய்க்கு மணி என்று வைத்துவிட்டால், அந்த அம்மா கடைசிவரை நாயை "இந்தா, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்களையும், செல்லப் பெயர்களோடு சேர்த்து, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தெரு. பக்கத்து வீட்டில் இருப்பவரின் பெயரை நாய்க்கு வைத்து, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்று "டேய், வாடா உள்ள" என்று கத்தினால் அது பகையில்தான் முடியும். இதில் இன்னும் ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. கருப்பன், சின்னான், குப்பன் போன்ற பெயர்கள் உழைக்கும் மக்கள் பலருக்கு இருந்த, இன்னும் இருக்கும் பெயர்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி அவர்களை மட்டமாகக் கூப்பிட்ட காலத்தை மறக்காதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கறுப்பு நாய்க்குக் கருப்பன் என்பது பழைய, இயல்பான பெயர். ஆனால் அந்தப் பெயர் கொண்ட பெரியவர் ஒருவர் அந்தத் தெருவில் நடந்து போகிறார் என்றால் அதை விட்டுவிடுங்கள். கறுப்புக்குத் தமிழில் வேறு பெயரா இல்லை?

தெய்வப் பெயர் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். நாய் நம் தெய்வங்களுக்கு அந்நியம் இல்லை. பைரவரின் வாகனமே நாய். கிராமத்துக் காவல் தெய்வங்களின் கோயில்களில் குதிரைச் சிலைகளோடு நாய்ச் சிலைகளும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே பைரவன், வைரவன் என்ற பெயர்கள் நாய்க்கு உரிமையானவை என்றே நினைக்கிறேன். மற்ற தெய்வப் பெயர்களுக்கு ஒரு சோதனை உண்டு. "சீ, அதைக் கீழ போடு" என்று திட்டும் குரலில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாக்கோ, வீட்டில் யாருடைய நாக்கோ கொஞ்சம் தயங்கினாலும் அந்தப் பெயர் வேண்டாம். குலதெய்வத்தின் பெயர் என்றால் சோதனையே தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கட்டளைச் சொற்களோடு மோதும் பெயர்கள். நான் பட்டது இதில்தான். நீங்கள் நாயிடம் எந்தெந்தச் சொல்லைப் பேசுவீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்: வா, போ, இரு, நில், படு, விடு, வேண்டாம். ஆங்கிலத்தில் பழக்குவதாக இருந்தால் சிட், ஸ்டே, நோ, கம். வாசு, வாலி என்று பெயர் வைத்தால் பாதியிலேயே 'வா' கேட்டுவிடும். நிலவன் 'நில்'லோடு மோதும், விதுரன் 'விடு'வோடு, போஸ் 'போ'வோடு, இருளன் 'இரு'வோடு. சித்து, சித்தன், சித்தார்த் எல்லாம் 'சிட்'டோடு. வாலி என்ற பெயர் மேல் அவ்வளவு ஆசை என்றால், கூப்பிட 'வா'வுக்குப் பதிலாக 'இங்க' என்ற சொல்லைப் பழக்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: விளியில் வைத்துப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி. இதற்கு ஒரு முழு சாயங்காலத்தைக் கொடுங்கள்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. கூப்பிடும்போது பெயர் எப்படி மாறும் என்பதற்கென்றே ஓர் இயல். 'அன்' என்று முடியும் பெயர் கூப்பிடும்போது 'ஆ' ஆகும் என்கிறது. வீரன் வீரா ஆகிறான், முருகன் முருகா. 'இ' என்று முடிந்தால் 'ஈ' என்று நீளும். மணி, மணீ ஆகும். அதே இயலில் என்னை அசர வைத்த செய்தி இன்னும் ஒன்று: பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் 'அ' என்று குறுகி நிற்கலாம், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் எந்தப் பெயரும் தன் அளவைத் தாண்டி நீளும் என்கிறது. கடற்கரையில் நாயைக் கூப்பிடும் எவரையும் போய்ப் பாருங்கள். காலடியில் நின்றால் "மணி". இருநூறு அடி தள்ளி நண்டைத் துரத்திக்கொண்டிருந்தால் "மணீ...ஈ...ஈ".

இப்போது சித்தார்த் என்ற பெயரைத் தூரத்திலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். நீட்ட இடமே இல்லை. கடைசியில் 'த்' என்று கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிடுகிறது. ரெக்ஸ் என்ற பெயரும் அப்படியே. காற்றில் 'ஸ்' கரைந்து போய், மிச்சம் ஒரு வெட்டு ஒலிதான். டாமியும் ஜிம்மியும் வெளியிலிருந்து வந்த பெயர்கள்தான், ஆனாலும் நம் கிராமங்கள் வரை ஒட்டிக்கொண்டன. மணியைப் போலவே அவையும் 'இ'யில் முடிகின்றன, தாராளமாக நீளுகின்றன என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

எனவே பெயர் 'அன்', 'இ', 'ஆ' இந்த மூன்றில் ஒன்றாக முடிவது நல்லது. 'உ'வில் முடிவதும் பரவாயில்லை. ராமு என்பதை ராமூ என்று நீட்டிவிடலாம். கூப்பிடும் வடிவம் இரண்டு அசைக்குள் இருக்க வேண்டும், மூன்றுக்கு மேல் போகவே கூடாது. முதல் எழுத்தே நெடிலாக இருந்தால் இன்னும் நல்லது: காரி, பாரி, வீரா, ராஜா. தொடக்கத்திலேயே காதைத் தொட்டுவிடும்.

சோதனை இப்படி. மாலை நேரத்தில், கடலிலிருந்து காற்று நன்றாக அடிக்கும்போது, ஒருவர் மொட்டை மாடியில் நில்லுங்கள். இன்னொருவர் தெருமுனைக்குப் போகட்டும். மாடியில் இருப்பவர் பட்டியலில் உள்ள பெயர்களை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். முனையில் இருப்பவர் தன் காதில் விழுந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ செய்ய முடிந்தால் இன்னும் உறுதி, ஏனென்றால் அங்கே அலைச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. நாங்கள் மூன்றாவது நாய்க்குப் பெயர் தேடியபோது செம்பியன் என்ற பெயர் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. தெருமுனையில் நின்ற மகன் காதில் அது "தம்பியா" என்று விழுந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னையா கூப்பிடுறாங்க?" என்று கேட்டாராம். அந்தப் பெயரை அன்றே அடித்துவிட்டோம்.

நான்காம் படி: எங்கிருந்து எடுப்பது

மரபான பெயர் என்றதும் அரசர் பட்டியலுக்கு ஓட வேண்டாம். நம் தெருக்களில் வழங்கிய பெயர்களே முதல் களஞ்சியம். மணி, ராமு, ராஜா, வீரன். பழசு, எல்லோரும் வைப்பது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ராஜா என்று எங்கள் தாத்தா வைத்த பெயரை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை; பால்காரர், தபால்காரர், பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளே சரியாகக் கூப்பிட்டார்கள். ஊரே ஒரே பெயரால் கூப்பிடும் நாய் காணாமல் போனால் சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் அதே தெருவில் ஏற்கெனவே ஒரு மணி இருந்தால் இன்னொரு மணி வேண்டாம். ஒருவர் கூப்பிட இரண்டு நாய் ஓடும்.

அடுத்த களஞ்சியம் மாட்டுக்காரர்களுடையது. மாடுகளின் நிறத்துக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் சொற்களில் பல நாய்க்கும் அப்படியே பொருந்தும். செம்பழுப்பு என்றால் செவலை. வெள்ளையில் சாம்பல் கலந்தால் மயிலை. கறுப்பு என்றால் காரி. வெள்ளையன், சாம்பன், புள்ளியன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவலை, மயிலை இரண்டும் 'ஐ'யில் முடிவதால் கூப்பிடும்போது கொஞ்சம் மழுங்கும். செவலையைச் செவலா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பாரி, காரி, ஓரி, நள்ளி, பேகன், ஆய், அதியமான். முதல் ஐந்தும் இரண்டே அசை. நீளத் தோதானவை. அர்த்தமும் பெருமையும் உண்டு. யாரையும் புண்படுத்தாது. இவர்களில் மலையமான் திருமுடிக்காரி நம் ஆற்றுக்காரன். அவன் ஆண்ட திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு வரும் தென்பெண்ணைதான் கடலூருக்கு வடக்கே கடலில் சேர்கிறது. அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஓரிக்கும் அப்படியே, குதிரை பெயரும் ஓரி. தன் பெயரையே தன்னோடு போருக்கு வரும் விலங்குக்குக் கொடுத்தார்கள். இதைவிட ஒரு விலங்கை உயர்த்த என்ன செய்ய முடியும்? எங்கள் மூன்றாவது நாய் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. காரி என்ற பெயரை மாடியிலிருந்து கூப்பிட்டவுடனே, தெருமுனையிலிருந்து மகன் கையைத் தூக்கிக் காட்டினான். நிறத்துக்கு நிறம், ஆற்றுக்கு ஆறு.

அரசர் பெயர்தான் வேண்டும் என்றால், கூப்பிடும் வடிவத்தை முதலில் முடிவு செய்துகொண்டு முழுப்பெயருக்குப் போங்கள். வளவன் நல்ல பெயர், வளவா என்று திறந்து ஒலிக்கும். கரிகாலனை வீட்டில் கரிகாலா என்று நீட்டிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருக்காது. ஒருவர் கரி என்பார், இன்னொருவர் காலா என்பார். எங்கள் வட்டாரத்துக்கே உரிய பெயர் கேட்டால், 13ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவன் கோப்பெருஞ்சிங்கனைச் சொல்வேன். தடுப்பூசி அட்டையில் வேண்டுமானால் முழுப்பெயர் இருக்கட்டும், வாசலில் 'சிங்கா' போதும். செஞ்சிப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்களுக்குத் தேசிங்கு இருக்கிறது. 1714இல் போரில் இறந்த அந்த இளைஞனை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் சிங்கனும் தேசிங்கும் ஒரே வீட்டில் வேண்டாம்.

புராணத்திலிருந்து என்றால் வீமன், தருமன், திண்ணன். தருமனோடு கடைசிப் பயணத்தில் கூடவே நடந்து வந்தது ஒரு நாய்தான், அதை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்றான் அவன். திண்ணன் என்பது கண்ணப்ப நாயனாரின் இயற்பெயர்; வேடன், வேட்டை நாய்களோடு திரிந்தவன். திண்ணா என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கனமாக, தெளிவாக விழுகிறது. ஏன் இதை அதிகம் பேர் வைப்பதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

ஞமலி, ஞாளி என்று சங்க இலக்கியத்தில் நாய்க்கு வழங்கும் சொற்களைப் பெயராக வைக்கிறார்கள் சிலர். படிக்க அழகு. ஆனால் அர்த்தம் வெறும் நாய் என்பதுதான், தெருப்பிள்ளைகள் வாயில் 'ஞ' தங்காது. நான் வைக்க மாட்டேன்.

மனிதப் பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு நம் கடற்கரையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, புதுச்சேரியை அடுத்த சின்னக்காலாப்பட்டில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மேட்டுக்கு ஓடாமல் கரையோரத்தில் இருந்த தன் குடிசைக்குள் போய்விட்டான். வீட்டு நாய் அவன் பின்னாலேயே போய், இடித்தும் கவ்வியும் அவனை வெளியே கிளப்பி, மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த நாயின் பெயர் செல்வகுமார். பிள்ளைக்கு வைக்கும் பெயரை அந்த வீட்டார் நாய்க்கு வைத்திருந்தார்கள். பிள்ளையாக நினைத்து வைக்கும் பெயருக்கும், யாரையோ இளக்காரம் செய்ய வைக்கும் பெயருக்கும் வித்தியாசம் கூப்பிடும் குரலிலேயே தெரிந்துவிடும். பிடிக்காத அரசியல்வாதியின் பெயரை நாய்க்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்த அரசியல்வாதிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, வெறுப்போடு கூப்பிடப்படுவது நாய்தான்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு மரபும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நமக்கு மணி மாதிரி பிரெஞ்சுக்காரர்களுக்கு வழிவழியாக வரும் நாய்ப்பெயர் மெதோர். சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில், பிரெஞ்சுப் பெயர் வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கலாம், ஆனால் அதே மாடிச் சோதனையைச் செய்துவிட்டு வையுங்கள். பிரான்சில் வம்சாவளிப் பதிவுள்ள நாய்களுக்கு ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று ஒரு முறை இருக்கிறது. 2024இல் பிறந்தவற்றுக்கு 'வி', 2025இல் பிறந்தவற்றுக்கு 'ஏ'. பெயரைக் கேட்டாலே வயது தெரிந்துவிடும். நாமும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: வீட்டில் ஒன்றுக்கு மேல் நாய் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும், வேறு வேறு ஒலியில் முடியட்டும். காரியும் வீரனும் சேர்ந்து இருக்கலாம். காரியும் பாரியும் ஒரே நேரத்தில் கூடாது.

ஐந்தாம் படி: மூன்றாகச் சுருக்கி, ஒன்றாக முடிப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் முழுக்க அந்தப் பெயர்களைச் சும்மா சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: கொஞ்சும் குரலில், அவசரக் குரலில், தூக்கக் கலக்கத்தில். மூன்று குரலிலும் உருமாறாமல் வரும் பெயரை வையுங்கள். வீட்டில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், ஏனென்றால் அவர் தனக்கென்று இன்னொரு பெயரை உண்டாக்கிவிடுவார். முடிவானதும் எல்லோரும் ஒரே வடிவத்தில் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் "காரி" என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். ஒரு மாதம் வரை கருப்பு, குட்டி, பட்டு எதுவும் கிடையாது. பெயர் நன்றாகப் பதிந்த பிறகு எத்தனை செல்லப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.

ஆறாம் படி: பெயரை நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது

வேக வைத்த கோழிக்கறியை வெங்காயம், உப்பு, மசாலா இல்லாமல் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் என்றால் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம், அன்பு மிகுதியில் பிள்ளைகள் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டடி தள்ளி உட்கார்ந்து பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த அந்தக் கணமே "நல்ல பையன்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். பார்க்கவில்லை என்றால் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். "காரி, காரி, காரி, காரி" என்றால் நாலாவது தடவை திரும்பினால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும். தரையை விரலால் தட்டுங்கள். திரும்பட்டும், அப்போது கொடுங்கள். ஒரு நேரத்தில் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், குட்டிக்குச் சலித்துவிடும்.

வீட்டுக்குள் சரியாக வந்ததும் இரண்டடியைப் பத்தடி ஆக்குங்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து. பிறகு வாசலில், வண்டிச் சத்தத்தில். அப்புறம் கயிறு கட்டியபடி கடற்கரையில். ஒவ்வொரு இடத்திலும் முதலில் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். ஒருவர் குரலுக்கு மட்டும் பழகிய பெயர் மற்றவர் அழைக்கும்போது வேலை செய்யாமல் போகலாம்.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் ஆயுள் முழுக்கக் காப்பாற்றுங்கள். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். ஊசி போடவும், குளிப்பாட்டவும், கட்டிப்போடவும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்களே எழுந்து போய்த் தூக்கி வாருங்கள். பெயரைக் கேட்டால் நல்லதுதான் நடக்கும் என்று அவன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைதான் ஒரு நாள் நடுரோட்டிலிருந்து அவனை உங்களிடம் ஓடி வரச் செய்யும்.

பெயரை மாற்ற வேண்டி வந்தால்

தெருவிலிருந்து எடுத்த வளர்ந்த நாய்க்கோ, வேறு வீட்டிலிருந்து வந்த நாய்க்கோ, எங்களைப் போலத் தப்பாகப் பெயர் வைத்தவர்களுக்கோ இது தேவைப்படும். பயப்பட வேண்டாம், எந்த வயதிலும் நாய் புதுப்பெயரைக் கற்றுக்கொள்ளும். பைக் சம்பவத்துக்கு அடுத்த நாளே சித்தார்த்தைப் பாரி ஆக்க முடிவு செய்தோம். முதல் வாரம் இரண்டையும் சேர்த்து, புதுப்பெயரை முன்னால் வைத்து: "பாரி சித்து". அடுத்த வாரம் பாரியை உரக்கவும் சித்துவை மெதுவாகவும். மூன்றாம் வாரம் வெறும் பாரி. ஒவ்வொரு முறையும் கையில் ஒரு துண்டு கறி. பழைய வீட்டில் அடிபட்டு வந்த நாயாக இருந்தால் சேர்த்துச் சொல்லவே வேண்டாம். பழைய பெயரைக் கேட்டதும் அது வாலை ஒடுக்கும். அதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். முதல் நாளிலிருந்தே புதுப்பெயர்தான்.

பெயர் முடிவானதும் கால்நடை மருத்துவமனை அட்டையில் கூப்பிடும் பெயரையே எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும், மறுபடியும் எப்போது என்று அதே அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். கழுத்துப் பட்டையில் பெயரோடு உங்கள் போன் நம்பரும் இருக்கட்டும்.

பாரி 2023இல் போய்ச் சேர்ந்தான். பதினோரு வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தான். கடைசி நாட்களில் கண் சரியாகத் தெரியவில்லை. திண்ணையிலிருந்து அம்மா "பாரீ" என்று நீட்டினால் சுவரை உரசிக்கொண்டே சரியாக அங்கே வந்து நிற்பான். அடுத்த வருஷம் காரி வந்தான். அம்மா இன்னமும் சில நாள் மறதியாகப் "பாரீ" என்றுதான் கூப்பிடுகிறார். காரி ஓடிப் போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொள்கிறான். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.